மடக்குக்கத்தி வச்சிருந்தா கேஸா? – ராயக்கோட்டை இளைஞர் சந்திப்பில் பேசியது

(ராயக்கோட்டையில் கடந்த ஞாயிறு நடந்த இளைஞர் சந்திப்பில் நம் தகவல் தொழில்நுட்ப அணித் தோழர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத தோழர்கள் பலர் கேட்டதால் முழுசா போடுறோம். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.)

மூத்த நிர்வாகிகளுக்கும், தக்காளி மண்டியில லோடு ஏத்திட்டு நேரா இங்க வந்து உக்காந்திருக்கிற அண்ணன்களுக்கும், ஓசூர்ல நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு தூங்காம வந்த தோழர்களுக்கும் தனியா ஒரு வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. நான் பேஜ்ல போஸ்ட் போடுற ஆள். கைத்தட்டலை விட லைக் எண்ணிப் பழகினவன். அதனால எழுதி வச்சதைப் பார்த்துப் பேசுறேன், தப்பா நினைக்காதீங்க.

மூணு வாரத்துக்கு முன்னாடி ராத்திரி பதினொன்றரை மணிக்கு எனக்கு ஒரு போட்டோ வந்துச்சு. நம்ம கிளைத் தம்பி ஒருத்தனோட பிறந்தநாள். டேபிள் மேல கேக், பின்னாடி நம்ம கொடி, கையில ரெண்டடி நீளத்துக்கு ஒரு பட்டாக்கத்தி. "அண்ணா, பேஜ்ல போட்டுருங்க"ன்னு கீழ ஒரு வரி. நான் போடலைன்னு சொன்னேன். கோவம் வந்துருச்சு. "கத்தின்னா என்னண்ணா அவ்ளோ பயம்? எங்க தாத்தா இடுப்புல எப்பவும் கத்தி இருக்கும். அவரை யாராவது கேட்டாங்களா?"ன்னு திருப்பிக் கேட்டான்.

அன்னைக்கு எனக்குப் பதில் தெரியல. தேடிப் படிச்சேன், நம்ம வழக்கறிஞர் அணி அண்ணன்கிட்ட உக்காந்து கேட்டேன். அதைத்தான் இப்ப சொல்லப் போறேன்.

முதல்ல அந்தத் தாத்தா கத்தியை எடுத்துக்குவோம். நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துல கத்தி இல்லாம வேலையே கிடையாது. சந்தூர் பக்கம் போய் மாங்கன்று நர்சரியில பாருங்க. ஒட்டுக் கட்டுறவங்க கையில சின்னதா ஒரு மடக்குக்கத்தி இருக்கும். அந்தக் கத்தி கொஞ்சம் மழுங்கினாலும் ஒட்டுப் பிடிக்காது, கன்று போச்சு. அவங்க அதை வேற யாருக்கும் கடன் கூட குடுக்க மாட்டாங்க. இங்க மண்டியில கயிறு அறுக்க, சாக்குத் தையல் பிரிக்க கத்தி. புளி உடைக்கிற வீட்ல கத்தி. இளநீர்க் கடையில அரிவாள். சிப்காட்ல பேக்கிங் செக்‌ஷன்ல கட்டர். ஒயரிங் வேலைக்குப் போற பசங்க பையில ஒயர் சீவுற கத்தி. இதையெல்லாம் யாரும் ஆயுதம்னு சொல்றதில்ல. சட்டமும் சொல்லல.

ஆயுதச் சட்டம் 1959ல, பிரிவு 2லயே ஆயுதம்னா என்னன்னு எழுதியிருக்கு. தாக்கவோ தற்காக்கவோ ஆயுதமா வடிவமைச்ச, இல்ல மாத்தி அமைச்ச பொருள்தான் ஆயுதம். கூர்மையான கொலைக் கருவியும் அதுல அடக்கம். ஆனா வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மட்டும்னு வடிவமைச்ச பொருள் ஆயுதம் இல்லன்னு அதே வரியில விலக்கும் குடுத்திருக்கு. அதுக்கு உதாரணமா சட்டம் என்ன சொல்லுது தெரியுமா? லத்தியும் சாதாரண கைத்தடியும். (சிரிக்காதீங்க, உண்மையாவே லத்தின்னுதான் எழுதியிருக்கு.)

அடுத்தது அளவு. ஆயுத விதிகள்ல ஒரு பட்டியல் இருக்கு. துப்பாக்கி இல்லாத ஆயுதங்கள் ஐந்தாவது வகையில வருது. வாள், குத்துவாள், ஈட்டி இதெல்லாம் பேர் சொல்லியே இருக்கு. கத்தின்னு வரும்போது அலகு 9 அங்குலத்துக்கு மேல நீளம், இல்லன்னா 2 அங்குலத்துக்கு மேல அகலம் இருந்தா அந்தப் பட்டியல்ல சேருது. அதுலயும் வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழிற்சாலை வேலைக்காக செஞ்ச கத்திக்கு விலக்கு. இந்த மாதிரி ஆயுதத்துக்கு லைசென்ஸ் வேணும்னு கேக்கணும்னா, பிரிவு 4படி அந்தப் பகுதிக்குன்னு அரசு அறிவிக்கை போடணும்.

டெல்லியில அப்படிப் போட்டிருக்காங்க. 1980 அக்டோபர்ல வந்த அறிவிக்கை. பட்டனை அமுக்கினா டக்குனு திறக்கிற கத்தி, ஸ்பிரிங் கத்தி, இதுல அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் இருந்தாலே கட்டுப்பாடு. 7.62ன்னா சரியா 3 அங்குலம். ஆன்லைன்ல 'டாக்டிகல் நைஃப்'னு விக்கிறாங்களே, அதை ஆர்டர் போட்டு பாக்கெட்ல வச்சிட்டு டெல்லிக்கு ரயில் ஏறுற தம்பிங்க இதை மனசுல வச்சுக்கணும். லண்டன்ல சட்டம் இன்னும் வேற மாதிரி. அங்க 1988லேர்ந்து, அலகு 3 அங்குலத்துக்குள்ள இருக்கிற மடக்குக்கத்தியைப் பொது இடத்துல காரணம் சொல்லாமலே வச்சிருக்கலாம். ஆனா மடக்காதபடி லாக் ஆகிற கத்தின்னா சின்னதா இருந்தாலும் தகுந்த காரணம் காட்டணும்.

ஆக, தாத்தாவோட மடக்குக்கத்தி ஆயுதச் சட்டப்படி குத்தம் இல்ல. தம்பி வெட்டுன கேக்குல இருந்த ரெண்டடி பட்டாக்கத்தியை வீட்டு உபயோகம்னு எந்த ஜட்ஜ் முன்னாடியும் சொல்ல முடியாது. சட்டம் இவ்வளவு தெளிவா இருந்தா நான் இங்க நின்னு பேசவே தேவையில்லையே. இப்ப ஒரு கதை சொல்றேன், என் கூடப் படிச்சவன் கதை.

நாங்க ரெண்டு பேரும் ஒரே வருஷம் இன்ஜினியரிங் முடிச்சோம். எனக்கு ஒரு கம்பெனியில டிரெய்னி வேலை கிடைச்சது. அவனுக்குக் கிடைக்கல, சிசிடிவி மாட்டுற வேலைக்குப் போனான். பைக்ல பை, பைக்குள்ள டிரில்லிங் மெஷின், பேன்ட் பாக்கெட்ல மூணங்குல மடக்குக்கத்தி. கைப்பிடியில கறுப்பு இன்சுலேஷன் டேப் சுத்தியிருப்பான். ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு மேல வேலை முடிச்சு வர்றப்போ வாகனச் சோதனை. பாக்கெட்ல கத்தி. "எதுக்குடா டேப் சுத்தியிருக்க? கைரேகை விழாம இருக்கவா?"ன்னு முதல் கேள்வி. ஷாக் அடிக்காம இருக்கத்தான்னு சொன்னான். சிரிச்சாங்களாம். ஸ்டேஷன்ல உக்கார வச்சாங்க. கடை முதலாளி வந்து, பில்லு காட்டி, பேசி, வெளிய வரும்போது மணி ரெண்டு. எஃப்ஐஆர் இல்ல. கத்தி மட்டும் திரும்ப வரல.

இதோட முடிஞ்சிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேன். அடுத்த நாள் காலையில ஒரு வாட்ஸ்அப் குரூப்ல அவன் போட்டோ. பெஞ்ச்ல உக்காந்திருக்கான், முன்னாடி டேபிள்ல அந்தக் கத்தி. 'நள்ளிரவில் ஆயுதத்துடன் சுற்றிய வாலிபர் சிக்கினார்'. யார் எடுத்தது, யார் அனுப்புனதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. சாயங்காலத்துக்குள்ள அவங்க ஊர் முழுக்கப் போயிடுச்சு. அவன் தங்கச்சிக்குப் பேசிட்டு இருந்த இடம் நின்னு போச்சு. வாடகை வீட்டுக்காரர் 'வேற வீடு பாத்துக்கப்பா'ன்னார். கேஸே இல்லாதவனுக்கு இவ்வளவு தண்டனை.

அந்த குரூப்ல நம்ம ஆளுங்களும் இருந்தாங்க. நானும் இருந்தேன். நான் ஃபார்வர்ட் பண்ணல. ஆனா 'இவன் அப்படிப்பட்டவன் இல்ல'ன்னு ஒரு வரி டைப் பண்ணவும் இல்ல. அட்மின் யாரு, என்ன நினைப்பாங்கன்னு யோசிச்சிட்டு விட்டுட்டேன். அவன் இன்னைக்கும் என்கிட்ட பேசுறான், அதுதான் இன்னும் கஷ்டமா இருக்கு.

போலீஸ் மேல மட்டும் பழி போட நான் வரல. அவங்க பக்கமும் காரணம் இருக்கு. 2024 நவம்பரை யோசிச்சுப் பாருங்க. 13ஆம் தேதி கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில பணியில இருந்த டாக்டரைக் கத்தியால குத்துனாங்க. ஒரே வாரத்துல, 20ஆம் தேதி, நம்ம ஓசூர்ல கோர்ட் வாசல் பக்கத்துல பட்டப்பகல்ல ஒரு வழக்கறிஞரை வெட்டுனாங்க. அந்த வீடியோவை இங்க பாக்காதவங்க யாரு? அதுக்கு முந்தின வருஷம் நாங்குநேரியில பள்ளிக்கூடப் பையனை வீடு புகுந்து வெட்டுனது கூடப் படிச்ச பசங்க. அரிவாள், அதுவும் சாதிக்காக. நீதியரசர் சந்துரு தலைமையில ஒரு குழு போட்டு அரசுக்கு அறிக்கை குடுக்க வேண்டிய நிலைமை வந்துச்சு. இதையெல்லாம் பார்த்த ஜனங்களுக்கு ஒரு பையன் பாக்கெட்ல கத்தின்னா முதல்ல பயம்தான் வரும், மாங்கன்று ஞாபகத்துக்கு வராது.

2021 செப்டம்பர்ல சைலேந்திர பாபு டிஜிபியா இருந்தப்போ, மாநிலம் முழுக்க ரவுடிகள் மேல பெரிய சோதனை நடந்துச்சு. அப்ப கத்தி, அரிவாள் செய்யிற பட்டறைக்கும் விக்கிற கடைக்கும் ஒரு அறிவுறுத்தல் போச்சு. வாங்குறவங்க பேர், முகவரி, போன் நம்பர், எதுக்கு வாங்குறாங்கன்னு பதிவேட்டுல எழுதணும், கேமரா வைக்கணும்னு. நல்ல யோசனைன்னு நான் இன்னைக்கும் சொல்வேன். ஆனா வாங்குறப்போ எழுதுற அந்தக் காரணம், ராத்திரி பத்து மணிக்கு ரோட்ல நிக்கிறவன் கையில இருக்காது. அங்க அவன் சட்டையையும் செருப்பையும் வண்டியையும் பார்த்துத்தான் முடிவு பண்றாங்க. கார்ல வர்றவர் டேஷ்போர்டுல இருக்கிற ஸ்விஸ் கத்தி 'டிராவல் கிட்', பழைய ஸ்ப்ளெண்டர்ல வர்றவன் பாக்கெட்ல இருக்கிறது ஆயுதம். இதை நான் சொல்லலைன்னா வேற யார் சொல்வா?

யார் வச்சிருக்கான்னு பாக்கிறது புதுசும் இல்ல. வெள்ளைக்காரன் 1878ல போட்ட ஆயுதச் சட்டத்துலயே ஐரோப்பியருக்கு விலக்கு, இந்தியனுக்கு லைசென்ஸ். நமக்குப் பக்கத்து மாநிலத்துல குடகு மக்களுக்கு ஆயுதச் சட்டத்துல இன்னைக்கும் தனி விலக்கு உண்டு. அவங்க இடுப்புல செருகுற பீச்சேகத்தி கல்யாண உடையில ஒரு அங்கம். சீக்கியர்களோட கிர்பானுக்கு அரசியலமைப்பு 25வது பிரிவுலயே பாதுகாப்பு இருக்கு. உள்நாட்டு விமானத்துல கூட 6 அங்குல அலகு வரைக்கும் அனுமதி. நமக்கு விமானத்துல கைப்பையில நகவெட்டியோட வர்ற சின்னக் கத்தி கூடப் போகாது, பெங்களூரு மெட்ரோவுலயும் போகாது. நான் ஒரு நல்ல மல்டி டூலை மெட்ரோ வாசல்ல விட்டுட்டு வந்திருக்கேன். 1,200 ரூபாய். இன்னும் வயிறு எரியுது.

இப்ப ரீல்ஸுக்கு வருவோம். கேக்கை வாளால வெட்டுறது நம்ம தம்பி கண்டுபிடிச்சது இல்ல. 2018 பிப்ரவரியில சென்னைக்குப் பக்கத்துல மலையம்பாக்கத்துல ஒரு ரவுடியோட பிறந்தநாள் விழாவை போலீஸ் சுத்தி வளைச்சு, ஒரே ராத்திரியில எழுபது பேருக்கு மேல பிடிச்சாங்க. 2021 ஜனவரியில நடிகர் விஜய் சேதுபதி வாளால கேக் வெட்டுன போட்டோ வந்தப்போ, படத்துல வாளுக்கு முக்கியமான இடம் இருக்கிறதால அதை வச்சு வெட்டினோம்னு விளக்கம் சொல்லி வருத்தம் தெரிவிச்சார். அவ்ளோ பெரிய நடிகருக்கே அது தேவைப்பட்டுச்சு. அத்திப்பள்ளி தாண்டி வேலைக்குப் போற பசங்களுக்கு அந்தப் பக்கத்து 'லாங்கு, மச்சு' வசனமெல்லாம் அத்துப்படி. 2025 மார்ச்ல பெங்களூருல கன்னட பிக் பாஸ் பிரபலங்கள் ரெண்டு பேர் மச்சு பிடிச்சு ஸ்லோ மோஷன்ல ஒரு ரீல் போட்டாங்க. பசவேஷ்வரநகர் போலீஸ் ஆயுதச் சட்டத்துல கைது பண்ணாங்க. அது ஃபைபர்ல செஞ்சதுன்னு சொல்லிப் பார்த்தாங்க, தப்பிக்க முடியல.

'3 அங்குலம்தானே, 9 அங்குலத்துக்குக் கீழதானே'ன்னு யாராவது மனசுக்குள்ள கணக்குப் போட்டுட்டு இருந்தா நிறுத்திக்குங்க. அந்த அளவெல்லாம் ஆயுதச் சட்டத்துக்கு மட்டும்தான். கத்தியைக் காட்டி ஒருத்தரைக் கொன்னுடுவேன்னு மிரட்டினா பாரதிய நியாய சன்ஹிதா 351. குத்தவோ வெட்டவோ பயன்படுற கருவியால காயம் உண்டாக்கினா 118. இதுக்கு ஸ்கேல் வச்சு யாரும் அளக்க மாட்டாங்க. கொள்ளை, வழிப்பறியில கொலைக் கருவியைப் பயன்படுத்தினா குறைஞ்சது 7 வருஷம். 1975லயே உச்ச நீதிமன்றம் பூல் குமார் வழக்குல சொல்லிடுச்சு, கத்தியால குத்தியிருக்கணும்னு இல்ல, எதிராளி கண்ணுக்குத் தெரியிற மாதிரி கையில வச்சிருந்தாலே பயன்படுத்தினதா அர்த்தம்.

கட்சிக்காரங்களா நமக்கு இதை விடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. இதை நல்லா கேளுங்க. கூட்டம் போட, ஊர்வலம் போக நமக்கு இருக்கிற உரிமை அரசியலமைப்பு 19வது பிரிவுல வருது. அதுலயே 'அமைதியாக, ஆயுதமின்றி'ன்னு எழுதியிருக்கு. அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ சேர்ந்த ஒரு கூட்டத்தை சட்டவிரோதக் கூட்டம்னு சொல்லிட்டா, அதுல ஒருத்தன் செஞ்சது பொது நோக்கத்துக்காகன்னு நிரூபிச்சா எல்லாரும் குற்றவாளி. கலவரத்துல கொலைக் கருவி வச்சிருந்தவனுக்கு 5 வருஷம் வரைக்கும். நம்ம ஊர்வலத்துல ஒரு தம்பி கெத்துக்காக இடுப்புல செருகிட்டு வர்ற கத்தியால, பின்னாடி கொடி பிடிச்சிட்டு வர்ற அறுபது வயசு ஐயா கோர்ட் படி ஏறலாம். அதனால ஒண்ணு சொல்லிடுறேன், வருத்தப்பட்டாலும் பரவாயில்ல. கத்தியோட இருக்கிற எந்தப் போட்டோவும் நம்ம பேஜ்ல வராது. நிர்வாகி பையனா இருந்தாலும் வராது.

தங்கச்சிங்க ஒண்ணு ரெண்டு பேர் இன்பாக்ஸ்ல கேட்டிருந்தீங்க, ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ் இறங்கி வீட்டுக்கு நடக்கிற தூரத்துக்கு ஹேண்ட்பேக்ல சின்னக் கத்தி வச்சுக்கலாமான்னு. தற்காப்பு உரிமை சட்டத்துல இருக்கு, பிரிவு 34லேர்ந்து 44 வரைக்கும் அதுதான். சின்னக் கத்தி வச்சிருக்கிறதே குத்தம் இல்ல. ஆனா கம்பெனி கேட்ல பை செக் பண்ணா பிரச்சனை உங்களுக்குத்தான், வேலைக்கே வரும். இன்னொன்னு, கைக்குப் பழகாத கத்தியை எதிராளி பிடுங்கிட்டா என்ன பண்றது? பெப்பர் ஸ்பிரே அதை விடத் தேவலை. அதையும் தேவையில்லாத இடத்துல அடிச்சா சிக்கல்தான். 2024ல கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு வழக்குல அதுவும் அபாயகரமான ஆயுதம் ஆகலாம்னு சொல்லியிருக்கு. போன்ல 'காவல் உதவி' ஆப் போட்டுக்குங்க, 112 ஞாபகம் வச்சுக்குங்க. பஸ் ஸ்டாப்லேர்ந்து ஊருக்குள்ள வர்ற ரோட்டுக்குத் தெருவிளக்கு கேட்டு மனு குடுக்கலாம்னு நம்ம மகளிர் அணி அக்கா சொல்லியிருக்காங்க. எந்தெந்த ரோடுன்னு இன்னைக்கே எழுதிக் குடுத்துட்டுப் போங்க.

கடைசியா, வேலைக்காகக் கத்தி வச்சிருக்கிற நீங்க என்ன பண்ணலாம்? பாக்கெட்ல வேண்டாம், டூல் பையில மத்த சாமானோட போடுங்க. வேலை கார்டோ, அன்னைக்குப் போன வேலையோட பில்லோ, முதலாளி மெசேஜோ போன்ல இருக்கட்டும். நிறுத்தினா நீங்களே முதல்ல சொல்லிடுங்க, 'சார், பையில வேலைக் கத்தி இருக்கு'ன்னு. அவங்க கண்டுபிடிக்கிறதுக்கும் நாம சொல்றதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. எதிர்த்துப் பேச வேண்டாம், ஓடவும் வேண்டாம்.

அதையும் மீறி கைதுன்னு சொன்னா, எதுக்குக் கைதுன்னு காரணம் சொல்லணும். வீட்ல ஒருத்தருக்குத் தகவல் போகணும். எடுத்துக்கிட்ட பொருளுக்கு ரசீது குடுக்கணும். 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். சோதனை போட்டுப் பொருளைக் கைப்பற்றும்போது வீடியோ எடுக்கணும்னு 2024 ஜூலை 1லேர்ந்து நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்துல 105வது பிரிவு சொல்லுது. 'வீடியோ எடுங்க சார்'னு மரியாதையாவே கேக்கலாம், அது நமக்கும் நல்லது அவங்களுக்கும் நல்லது. வக்கீல் வைக்கக் காசு இல்லன்னா 15100க்கு போன் பண்ணுங்க, இலவச சட்ட உதவி. இந்த நம்பர் என் ஃபிரெண்டுக்கு அன்னைக்கு ராத்திரி தெரியாது. எனக்கும் தெரியாது.

யாராவது பிடிபட்ட போட்டோ குரூப்ல வந்தா, தயவுசெஞ்சு முதல்ல பேரைப் பாருங்க, எஃப்ஐஆர் இருக்கான்னு கேளுங்க. மாவுக்கட்டுப் போட்ட போட்டோவுக்குச் சிரிப்பு எமோஜி போடுற நம்ம பசங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். நானும் போட்டிருக்கேன்.

அந்தப் பிறந்தநாள் தம்பி இன்னைக்கு வந்திருக்கான், மூணாவது வரிசை, நீலச் சட்டை. பேர் சொல்ல மாட்டேன், எல்லாரும் திரும்பிப் பாக்காதீங்க. அந்தக் கத்தி எங்கடான்னு காலையில கேட்டேன். பேனர் கடைக்காரர் போட்டோ எடுக்க வாடகைக்குக் குடுத்ததாம், முந்நூறு ரூபாய். தாத்தாவோட கத்தி எங்கன்னு கேட்டேன். இன்னும் பரண் மேல இருக்காம். ஒட்டுக் கட்டப் போயிட்டு இருந்தவராம் அவர். அந்தக் கத்தியோட ஒரு போட்டோ எடுத்து, அவர் எத்தனை வருஷம் என்ன வேலை பார்த்தார்னு நாலு வரி எழுதி அனுப்புடான்னு சொல்லியிருக்கேன். இப்பதான் கத்திப் போட்டோவே வராதுன்னு சொன்னேன், அதுக்குள்ள விதிவிலக்கான்னு கேப்பீங்க. ஆமா, அது ஒண்ணு மட்டும் வரும்.

வழக்கறிஞர் அணி அண்ணன் அந்த ஓரத்து டேபிள்ல ஆறு மணி வரைக்கும் இருப்பார். பழைய பெட்டி கேஸ், பிணைப் பத்திரம் எழுதி வாங்கினதுன்னு எது இருந்தாலும் பேப்பரோட போய்ப் பாருங்க. டீ வந்துருச்சு, கப்பை எல்லாம் பையில போடுங்க.